பெட்டி கேஸ் என்பது சில்லறை விஷயமா?

"பெட்டி கேஸ்தானே, அபராதத்தைக் கட்டிவிட்டு வந்து கடையைப் பாருங்கள்" என்ற வார்த்தை நம் வியாபாரிகளின் காதில் அடிக்கடி விழுகிறது. கடை வாசலில் மூட்டை இறக்கியதற்கு வந்த வழக்கானாலும் சரி, வாடிக்கையாளரோடு ஏற்பட்ட வாய்த்தகராறு போலீஸ் ஸ்டேஷன் வரை போனாலும் சரி, எல்லாவற்றுக்கும் இதே மருந்துதான் சொல்லப்படுகிறது. அதே சமயத்தில், குடித்துவிட்டு வந்து கடை முன்னால் ரகளை செய்து, கண்ணாடி ஜாடியை உடைத்து, பெண் வாடிக்கையாளர்களை விரட்டியடிக்கிறவனுக்கும் கோர்ட்டில் கிடைப்பது இதே மாதிரி ஓர் அபராதச் சீட்டுதான்.

ஆக, வியாபாரி புகார்தாரராகப் போனாலும் நஷ்டம். எதிரியாக நின்றாலும் நஷ்டம். இந்த நிலைமைக்குச் சட்டம் காரணமல்ல என்பதே நமது கருத்து. சட்டத்தில் இருக்கிற நல்ல வழிகள் பலவற்றை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டதாகச் சொல்லப்படும் வழக்குகள், விசாரிக்கப்படாமலே வசூலிக்கப்படுகின்றன. கோர்ட்டு, கோர்ட்டாக இருக்க வேண்டிய இடத்தில் அபராதக் கவுண்டராக மாறிவிடுகிறது. இதை மாற்ற நமது சங்கங்கள் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

எந்தச் சட்டங்கள்?

முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படை. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதாவும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவும் அமலுக்கு வந்திருக்கின்றன. இனி இவற்றைப் புதிய தண்டனைச் சட்டம், புதிய நடைமுறைச் சட்டம் என்றே குறிப்பிடுவோம்.

பொதுமக்களுக்குத் தொல்லை கொடுப்பது புதிய தண்டனைச் சட்டத்தின் 292-வது பிரிவில் வருகிறது. அதற்கு அபராதம் ரூ.1,000 வரை. பழைய சட்டத்தில் 200 ரூபாயாக இருந்தது. பொது வழியில் இடைஞ்சல் செய்வது 285-வது பிரிவு. இதற்கு முன்பு 200 ரூபாய், இப்போது ரூ.5,000 வரை போடலாம். நடைபாதையில் சரக்கு வைத்ததாகவும், லாரியை நிறுத்தி மூட்டை இறக்கியதாகவும் நம்மவர்கள் மீது வருகிற வழக்குகள் பலவும் இந்தப் பிரிவைச் சேர்ந்தவை என்பதால், இந்த 25 மடங்கு உயர்வை நாம் கவனிக்காமல் இருக்க முடியாது. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவது 296-வது பிரிவு. மூன்று மாதம் வரை சிறையும் ரூ.1,000 வரை அபராதமும் உண்டு. இரண்டு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ பொது இடத்தில் கைகலந்து அமைதியைக் குலைத்தால் 194-வது பிரிவு.

குடிபோதையில் பொது இடத்தில் தொல்லை கொடுப்பது 355-வது பிரிவு. 1860-ல் இயற்றிய சட்டத்தில் இதற்கு 24 மணி நேர வெறுங்காவல் அல்லது பத்து ரூபாய் அபராதம் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பத்து ரூபாய் 2024 ஜூன் வரை பத்து ரூபாயாகவே இருந்தது. வேறு எந்தப் பொருளும் இத்தனை காலம் விலை ஏறாமல் இருந்ததாக நமக்குத் தெரியவில்லை. இப்போது அபராதம் ரூ.1,000 வரை என்று உயர்ந்திருப்பதோடு, சமூக சேவை என்ற புதிய தண்டனையும் சேர்ந்திருக்கிறது.

இவை தவிர, சென்னையில் 1888-ம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் இருக்கிறது. குடிபோதை, ரகளை, ஒழுங்கீனமான நடத்தை ஆகியவற்றுக்கு அதில் 75-வது பிரிவு. பொது இடத்தில் மது அருந்துவோர் மீது 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படியும் வழக்குப் போடுகிறார்கள். டாஸ்மாக் நிறுவனம் 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனையைத் தன் கையில் எடுத்துக்கொண்டதிலிருந்து, மதுக்கடைக்கு அக்கம்பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரிவுகளின் அவசியத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

கோர்ட்டில் நடப்பது என்ன?

இந்த வழக்குகள் பெரும்பாலும் சுருக்க விசாரணை முறையில் மாஜிஸ்திரேட் முன் வருகின்றன. புதிய நடைமுறைச் சட்டத்தில் மாநகர் மாஜிஸ்திரேட் என்ற தனி வகை இல்லை. நகரமானாலும் மாவட்டமானாலும் எல்லோரும் நீதித்துறை நடுவர்களே. சுருக்க விசாரணை என்றால் விசாரணையே இல்லை என்று பொருளல்ல. குற்றச்சாட்டின் விவரத்தை எதிரிக்குச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்கிறாரா, இல்லை வாதாடப் போகிறாரா என்று கேட்க வேண்டும். ஒப்புக்கொண்டால், அவர் சொன்னதை இயன்றவரை அவருடைய வார்த்தைகளிலேயே பதிவு செய்ய வேண்டும். மறுத்தால் சாட்சிகளை விசாரிக்க வேண்டும். தீர்ப்பில் சுருக்கமாகவாவது காரணம் எழுத வேண்டும். இவையெல்லாம் சட்டத்தில் எழுதியிருப்பவை.

நடைமுறையில் காணும் காட்சி வேறு. காலையில் ஸ்டேஷன்வாரியாகக் கூட்டம் வராந்தாவில் நிற்கிறது. கோர்ட்டு டூட்டி போலீஸ்காரர் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, "கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள், பத்து நிமிஷத்தில் போய்விடலாம்" என்கிறார். பெயர் கூப்பிடுகிறார்கள். "ஒப்புக்கொள்கிறாயா?" "ஆமாம்." அபராதத் தொகை சொல்லப்படுகிறது. பணம் கட்டி ரசீது வாங்கியதும் அடுத்த பெயர். எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, யாருக்கு என்ன இடைஞ்சல் ஏற்பட்டது என்ற கேள்விக்கே இடம் வருவதில்லை.

மாஜிஸ்திரேட்டுகள் மீது நாம் பழி போடவில்லை. ஒரே நாளில் அவர்கள் முன் குவிகிற கட்டுகளைப் பார்த்தால் நமக்கே மூச்சு முட்டும். ஆனால் ஒவ்வொரு சீட்டுக்கும் பின்னால் ஒரு மனிதரும் ஒரு தெருவும் இருக்கின்றன. இரண்டையும் பார்க்காமல் பணத்தை மட்டும் எண்ணினால் இரண்டு விபரீதங்கள் விளைகின்றன. தவறு செய்தவன் திருந்தாமல் தப்புகிறான். தவறு செய்யாதவர் குற்றவாளி என்ற பெயரோடு வீடு திரும்புகிறார்.

புகார்தாரராகப் போகும் வியாபாரி

மாலை ஏழு மணி என்பது மளிகைக் கடைக்கு உயிரான நேரம். அந்த நேரத்தில் வாசலில் இரண்டு பேர் போதையில் சண்டை போட்டால் அன்றைய வியாபாரத்தில் பாதி போய்விடும். புகார் கொடுத்தால் போலீஸார் வந்து அழைத்துப் போகிறார்கள். பெட்டி கேஸ் போடுகிறார்கள். மறுநாள் அபராதம் கட்டிவிட்டு, அதே ஆள் அதே வாசலில் வந்து, "என்ன அண்ணாச்சி, கேஸா கொடுத்தீங்க?" என்று கேட்கிறான். அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரர் புகார் கொடுப்பாரா?

இங்கே மூன்று குறைகள் இருக்கின்றன. முதலாவது, நஷ்டம் பதிவாவதில்லை. ஜாடி உடைந்தது, தராசு வளைந்தது, எண்ணெய் டின் கொட்டிப் போனது என்பதெல்லாம் புகாரில் எழுதப்படாமல், "பொதுமக்களுக்கு இடையூறாக நடந்துகொண்டான்" என்ற ஒரு வரியில் வழக்கு முடிந்துவிடுகிறது. சொத்துக்குச் சேதம் விளைவிப்பது தனிக் குற்றம். புதிய தண்டனைச் சட்டத்தில் 324-வது பிரிவு. சேதம் இருபதாயிரத்துக்கு மேல் ஒரு லட்சத்துக்குள் என்றால் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அந்தப் பிரிவு வழக்கில் இருந்தால்தான், புதிய நடைமுறைச் சட்டத்தின் 395-வது பிரிவின்படி அந்த நஷ்டத்துக்கு ஈடு கொடுக்கச் சொல்லிக் கோர்ட்டைக் கேட்க நமக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் அபராதம் அரசாங்கக் கஜானாவுக்கு, உடைந்த கண்ணாடி நமக்கு. ஆகவே புகார் எழுதும்போதே சேதமான பொருள்களின் பட்டியலையும் மதிப்பையும் எழுதி, பில் நகலும் படமும் இணைத்துக் கொடுங்கள். மனு கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது குறை, முன் கதை தெரிவதில்லை. ஒவ்வொரு முறையும் அந்த ஆள் புது ஆளாகவே கோர்ட்டில் நிற்கிறான். மாதத்தில் நாலு தடவை வந்தவன் என்பதை யாரும் மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்வதில்லை. திரும்பத் திரும்ப அமைதியைக் கெடுக்கிறவனிடம் நன்னடத்தைக்கு ஜாமீன் பத்திரம் எழுதி வாங்க 126, 129-வது பிரிவுகள் இருக்கின்றன. இவை நிர்வாக மாஜிஸ்திரேட்டின் அதிகாரத்தில் வருபவை. காவல் துணை ஆணையர்களுக்கே இந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் ரத்து செய்தது. பிடிக்கிறவரே தீர்ப்பும் சொல்லக்கூடாது என்ற அந்தத் தத்துவம் நியாயமானது. நாம் அதை வரவேற்க வேண்டும். நாளைக்கு அந்த அதிகாரம் நம் பக்கமும் திரும்பலாம் அல்லவா?

மூன்றாவது குறை, தண்டனையில் படிப்பினை இல்லை. போதைக்குச் செலவழிக்கப் பணம் இருக்கிறவனுக்கு அபராதம் ஒரு பொருட்டல்ல. பணம் இல்லாதவன் வீட்டில் அந்த அபராதம் பிள்ளைகளின் அரிசியிலிருந்து போகிறது. 355-வது பிரிவில் புதிதாக வந்திருக்கும் சமூக சேவைத் தண்டனை இந்த இடத்தில்தான் பயன்பட வேண்டும். கூலியில்லாமல் சமூகத்துக்குப் பயன்படும் வேலையைச் செய்யச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவிடலாம். ரகளை செய்தவன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பகுதி ஆஸ்பத்திரி வளாகத்தையோ மார்க்கெட்டையோ கூட்டிப் பெருக்கினால், ஆயிரம் ரூபாய் கற்றுக்கொடுக்காததை விளக்குமாறு கற்றுக்கொடுக்கும்.

எதிரியாக நிற்கும் வியாபாரி

இனி மறுபக்கம். நம்மில் பலர் குற்றம் செய்யாமலே ஒப்புக்கொள்கிறார்கள். காரணம் எளிது. வழக்கை நடத்தினால் நாலைந்து வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையைப் பூட்ட வேண்டும். வக்கீல் ஃபீஸ் வேறு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்கில், கட்டிவிட்டுப் போவதே லாபம் என்று தோன்றுகிறது. கல்லாப்பெட்டிக் கணக்கில் அது சரிதான். ஆனால் கல்லாப்பெட்டியில் எழுதாத செலவு ஒன்று இருக்கிறது.

ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது ரசீது போட்டு வரி கட்டுவது போன்றதல்ல. அது குற்றவாளி என்ற தீர்ப்பு. ஒப்புதலின் பேரில் வந்த தண்டனைக்குப் பிறகு, தண்டனையின் அளவு, சட்டப் பொருத்தம் ஆகியவை தவிர மற்ற எதைப் பற்றியும் அப்பீல் செய்ய முடியாது. கடையில் உட்கார்ந்திருக்கும் 19 வயதுப் பையன் ஒரு வாய்த்தகராறில் மாட்டி, அப்பா சொன்னதற்காக "ஆமாம்" என்று சொல்லிவிட்டு வருகிறான். மூன்று வருஷம் கழித்து அவன் காவல்துறை வேலைக்குத் தேர்வு எழுதி ஜெயிக்கிறான். அப்போது முன்வழக்கு விசாரணை வருகிறது. நம் மாநிலத்தில் அந்தத் தேர்வில் குற்ற வழக்கு விவரத்தை எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறார்கள் என்பதை, பிள்ளைகளை அனுப்பியவர்கள் அறிவார்கள். அன்றைக்கு மிச்சம் பிடித்த ஒரு நாள் வியாபாரம் இன்றைக்கு ஒரு வேலையைக் கொண்டுபோகலாம்.

அப்படியானால் எல்லா வழக்கையும் எதிர்த்து நிற்க வேண்டுமா? அப்படி நாம் சொல்லவில்லை. தவறு செய்திருந்தால் ஒப்புக்கொள்வது கௌரவமான காரியம். செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று சொல்லுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும், சட்டம் கொடுத்திருக்கும் வசதிகளைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

ஒன்று, தாமதம். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு, சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் வழக்கு கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஒரு வருஷம் வரை சிறை உள்ள குற்றத்துக்கு ஒரு வருஷக் கெடு. தாமதத்தை மன்னிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் காரணம் வேண்டும். ஆகவே பழைய தேதியில் சம்மன் வந்தால், முதலில் தேதியைப் பாருங்கள்.

இரண்டு, கைது. மேலே சொன்ன தண்டனைச் சட்டப் பிரிவுகள் எல்லாம் ஜாமீனில் விடத்தக்கவை. ஜாமீன் இங்கே சலுகையல்ல, உரிமை. சிலவற்றில் பிடியாணை இல்லாமல் கைது செய்யவே முடியாது. மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயதுக்கு மேற்பட்டவரையோ உடல் நலிந்தவரையோ கைது செய்ய டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 35-வது பிரிவு சொல்கிறது. நமது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

மூன்று, தபால். அபராதம் மட்டுமே, அதுவும் ரூ.5,000-க்கு மேற்படாத தண்டனை உள்ள சிறு குற்றங்களில், நேரில் வராமலே தபாலிலோ ஆள் மூலமோ ஒப்புதலும் அபராதமும் அனுப்பலாம் என்று சம்மனிலேயே குறிப்பிட 229-வது பிரிவு வழி செய்கிறது. பழைய சட்டத்திலும் இது இருந்தது. ஆயிரம் ரூபாய் வரம்போடு. உண்மையிலேயே நடைபாதையை அடைத்துச் சரக்கு வைத்திருந்தவர் ஒரு நாள் முழுக்க வராந்தாவில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் தபாலில் அனுப்பினாலும் அது ஒப்புதல்தான் என்பதை மறக்க வேண்டாம்.

நான்கு, எச்சரிக்கை. 1958-ம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. முன்பு தண்டனை பெறாத ஒருவரை, சிறு குற்றங்களில், அபராதம்கூட இல்லாமல் கண்டித்து விட்டுவிட அதன் மூன்றாவது பிரிவு கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. அப்படி விடப்பட்டவருக்கு, தண்டனையால் வரும் சட்டப்பூர்வமான தகுதியிழப்பு நேராது என்கிறது அதே சட்டத்தின் 12-வது பிரிவு. முதல் தடவை மாட்டிய கடைப் பையனுக்கு இதைவிட நல்ல வழி வேறு இல்லை. ஆனால் யாராவது எழுந்து நின்று கேட்டால்தானே கோர்ட்டு யோசிக்கும்? வாய் திறந்து கேட்க ஒரு வக்கீல் இல்லாத இடத்தில் இந்தச் சட்டம் அலமாரியிலேயே இருக்கும்.

சின்ன வழக்கு பெரிதாகும் விதம்

ஒழுங்கீன வழக்குகளைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சாட்சி சாத்தான்குளம். 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தந்தையும் மகனுமான இரண்டு வணிகர்களைப் போலீஸார் பிடித்துச் சென்றார்கள். கடை நேரத்தைப் பற்றிய பேச்சு, போடப்பட்ட வழக்கில் ஆபாசமாகத் திட்டியது, அரசு ஊழியரைத் தாக்கியது என்று வளர்ந்தது. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார். இருவரும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, சில நாட்களில் ஒருவர் பின் ஒருவராக உயிரிழந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது.

அந்த ரிமாண்ட் நேரத்தில், எதிரிகளை அருகில் அழைத்து, உடம்பைப் பார்த்து, "என்ன நடந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாமே என்ற ஆதங்கம் வணிகர் ஒவ்வொருவர் மனத்திலும் இன்றும் இருக்கிறது. கைது செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டிய விதிகளை உச்ச நீதிமன்றம் 1996-ல் டி.கே.பாசு வழக்கிலேயே வகுத்துவிட்டது. ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் இயந்திரம் போலக் கைது செய்யவும் கூடாது, மாஜிஸ்திரேட்டுகள் இயந்திரம் போலக் காவலில் வைக்கவும் கூடாது என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் அது மீண்டும் சொன்னது. வெறுமனே திட்டியதாலேயே ஆபாசப் பேச்சுக் குற்றம் ஆகிவிடாது என்று 2022-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலும் தீர்ப்பளித்திருக்கிறது. தீர்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. அவை தாலுகா கோர்ட்டு வராந்தா வரை வந்து சேர வேண்டும்.

நமக்கும் ஒரு வார்த்தை

நியாயம் கேட்கிறவர் நியாயமாகவும் நடக்க வேண்டும். கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் ஏழைக் கிழவி, கூடைக்காரி, தள்ளுவண்டிக்காரர், கூலி தகராறு பேசும் சுமைதூக்கும் தொழிலாளி ஆகியோர் மீது பெட்டி கேஸ் போடச் சொல்லி எந்த வியாபாரியும் ஸ்டேஷனுக்குப் போன் செய்யக்கூடாது என்பது நமது உறுதியான கருத்து. நமக்கு ஆயிரம் ரூபாய் ஒரு நாள் தொல்லை. அவர்களுக்கு அது ஒரு வாரப் பிழைப்பு. நம் பெயர்ப்பலகையும் எண்ணெய் டின்னும் நடைபாதைக்கு வந்து நிற்கும்போது, கூடைக்காரி மட்டும் இடைஞ்சல் என்று சொல்ல நமக்கு வாய் இருக்காது. தெருத் தகராறுகளில் நூற்றுக்குப் பாதி, மார்க்கெட் கமிட்டி உட்கார்ந்து பேசினாலே தீரக்கூடியவை.

இதற்கு எதிராக ஒரு வாதம் வரும். "எல்லா வழக்கையும் நிதானமாக விசாரித்தால் கொலை, கொள்ளை வழக்குகளை எப்போது விசாரிப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நாம் கேட்பது நீண்ட விசாரணையை அல்ல; பிரித்துப் பார்ப்பதை. தபாலில் முடிகிற வழக்குகளைத் தபாலில் முடித்தால் வராந்தாவில் பாதிக் கூட்டம் குறையும். மிச்ச நேரத்தில், மறுப்பவர்களுடைய வழக்கையும், திரும்பத் திரும்ப வருகிறவனுடைய வழக்கையும், சேதம் ஏற்பட்ட வழக்கையும் ஆளுக்குப் பத்து நிமிஷம் கேட்க முடியும். மூட்டைகளைத் தரம் பிரிக்காமல் ஒரே விலை போடுகிற மண்டி எத்தனை நாள் நடக்கும்?

ஆகவே நமது சங்கங்கள் செய்ய வேண்டியவை இவை. மாவட்ட முதன்மை நீதிபதியிடமும் தலைமைக் குற்றவியல் நடுவரிடமும் முறையாக மனு கொடுத்து, 229-வது பிரிவின் தபால் சம்மன் முறையைப் பரவலாகக் கையாளவும், போதை ரகளை வழக்குகளில் சமூக சேவையைப் பரிசீலிக்கவும் வேண்டிக்கொள்ள வேண்டும். சேவை செய்யத் தேவையான இடமும் மேற்பார்வைக்கு ஆளும் கொடுக்க மார்க்கெட் கமிட்டிகள் முன்வர வேண்டும். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரைச் சந்தித்து, கடைச் சேதம் உள்ள புகார்களில் சேதப் பிரிவையும் சேர்க்கக் கேட்க வேண்டும். பெட்டி கேஸ் நாட்களில் கோர்ட்டில் நிற்க, சங்கச் செலவில் ஓர் இளம் வக்கீலை அமர்த்த வேண்டும். வசதியில்லாத உறுப்பினருக்கும் கடைச் சிப்பந்திக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவின் இலவச உதவி கிடைக்க வழிகாட்ட வேண்டும். மேலே சொன்ன நான்கு வசதிகளையும் ஒரு தாளில் அச்சடித்து, ஒவ்வொரு கடையிலும் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும்.

இவை எதற்கும் புதிய சட்டம் வேண்டாம், போராட்டம் வேண்டாம், ஒரு நாள் கடையடைப்பும் வேண்டாம். அடுத்த செயற்குழுவில் ஒரு தீர்மானமும், மாதச் சந்தாவில் ஒரு சிறு பங்கும் போதும். அதுவரைக்கும் உறுப்பினர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே. "ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்" என்று யாராவது அவசரப்படுத்தினால், "எந்தப் பிரிவு, எந்தத் தேதி, என்ன புகார்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். கடைக்கு வரும் சரக்கை எடை பார்க்காமல், பில்லைப் படிக்காமல் நாம் இறக்குவதில்லை. கோர்ட்டில் நம் பெயரில் இறக்குகிற சரக்கையும் அப்படியே பார்த்து இறக்குவோம்.